நனையாத கை

நான் கண்டி நீதவான் கோட்டில் துவிபாஷகராகச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு மனிதனுடைய குடும்பம் முழுவதையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நீதவான் வெள்ளைக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. சாட்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொடுப்பதுதான் என் உத்தியோகம். கறுப்புக் கோட்டு, துருக்கித் தொப்பி, பளபளவென்று துடைத்த சப்பாத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தொப்பிக்குக் கீழே இருந்ததுதான் கொஞ்சம் பிசகு.

அன்று கூண்டில் ஏறியவர் ஒரு பேக்கரிக்காரர். அவரிடம் வேலை பார்த்தவன் விலகிப்போய் நேர் எதிரே இன்னொரு பேக்கரி திறந்துவிட்டான். அதில் வந்த வாய்ச்சண்டைதான் வழக்கு. "ஐயா, இவன் என் வயித்துல அடிச்சிட்டான்" என்றார் பேக்கரிக்காரர். நான் அதை அப்படியே இங்கிலீஷில் கொடுத்தேன். நீதவான் பேனாவை எடுத்துக்கொண்டு, எந்தக் கையால் அடித்தான், எத்தனை தடவை, காயம் உண்டா என்று கேட்டார். நானும் பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "காயமா? எனக்கு மட்டுமா ஐயா? என் பொண்டாட்டி, அஞ்சு புள்ளைங்க, அத்தனை பேரு வயித்துலயும்ல அடிச்சிட்டான்" என்றார். அதையும் கொடுத்தேன். நீதவானுடைய முகம் சிவந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளையும் இன்னும் வைத்தியரிடம் காட்டாமல் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். முன்வரிசையில் வழக்குப் பேச இருந்த புரக்டர்மார் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

அடுத்த மேசையில் இருந்த எழுத்தர் பையன்தான் எழுந்து வந்து என் காதில் சொன்னான். "வயித்துல அடிச்சான்னா பொழைப்பைக் கெடுத்துட்டான்னு அர்த்தம்பா. யாரும் யாரையும் தொடல்ல." நான் நீதவானிடம் மன்னிப்புக் கேட்டு, சொன்னதைத் திருத்திச் சொன்னேன். நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார். அன்று பின்னேரம் அந்த எழுத்தர் பையன் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வது என் பிறவிக் குணம். எங்கள் ஊரான மடவளையில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வாப்பா தெருவில் வந்துகொண்டிருக்கிறார் என்று ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் பிரயாணம் போயிருந்தவர் திரும்பி வருகிறார் என்ற சந்தோஷத்தில், "ஒன்ட வாய்க்குச் சீனி போடணும் மகன்" என்றார் உம்மா. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். உம்மா உள்ளே போனார், வாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார், பெட்டியை இறக்கினார், என் பக்கத்தால் நாலு தடவை நடந்தார். நான் திறந்த வாயை மூடவில்லை. கடைசியில் வாப்பாதான் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன நோய் என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் உம்மா விழுந்து விழுந்து சிரித்தபடி உண்மையாகவே ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். உவமை, உருவகம், பதினாறு வகை ஆகுபெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். "ஊர் சிரித்தது" என்றால் ஊர் அங்கே வாழும் மனிதருக்கு ஆகி வந்தது, ஆகவே இடவாகுபெயர் என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதே கிழமை, சாரனைச் சரியாக உடுத்தாமல் வெளியே போகப் பார்த்த என்னை உம்மா மறித்து, "இப்பிடிப் போனா ஊரே சிரிக்கும்" என்றபோது, இந்த நேரத்தில் ஊரில் எல்லாரும் விழித்திருப்பார்களா என்று யோசித்தவனும் நான்தான். பாடத்தில் படித்ததும் வீட்டில் கேட்டதும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாகத்தான் எடுத்திருப்பேன்.

கோட்டிலோ எல்லா ஊர்த் தமிழும் ஒரே நாளில் வந்து சேரும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒரு தமிழ், எங்கள் முஸ்லிம் ஆட்கள் ஒரு தமிழ், யாழ்ப்பாணத்துப் புரக்டர்மார் ஒரு தமிழ். எங்கள் தலைமை எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காலை அவர் கண் கலங்க வந்து, "என்ர மாமா ராத்திரி மோசம் போயிட்டார்" என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. "யார் ஏமாத்தின? பேரச் செல்லுங்க, நம்மட புரக்டர்மாரிட்ட செல்லி வழக்குப் போடலாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர்கள் ஊரில் மோசம் போவது என்றால் இறந்துபோவது. என் கூட்டாளி என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்த்தான் அதைச் சொன்னான். தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு நான் துவிபாஷகர் என்றால், தமிழிலிருந்து தமிழுக்கு எனக்கு அவன் துவிபாஷகர்.

அவனைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியாவிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னே வந்து கண்டி டவுனில் புடவைக் கடை வைத்த குடும்பம். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். வளர்த்தது பெரியப்பா. பெரியப்பாவின் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. என் வாப்பாவுக்கும் அவருக்கும் கடைத்தெருப் பழக்கம் இருந்ததால் என்னையும் அவருக்குத் தெரியும். முஸ்லிம் ஆட்களை அழைக்கும் முறைப்படி வாப்பாவை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை, என் கூட்டாளி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். மறுநாள் வத்தேகமைக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். அதற்கு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண்ணை அவன் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறான். மாத்தளைத் தேருக்குப் போன இடத்தில், வளையல்காரன் ஒருவன் இது உடையவே உடையாது என்று அவளிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தானாம். "வளையலுக்கு வாய் இருந்தா அதையே கேட்டிருப்பேன், உங்களை எதுக்குக் கேக்குறேன்?" என்றாளாம் அவள். அந்த ஒரு வசனத்தில் இவன் விழுந்துவிட்டான். எங்கே விழுந்தாய், அடிபட்டதா என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு தேறியிருந்தேன்.

"பெரியப்பாவுக்கு இது புடிக்கல்ல" என்றான். "அவருக்குக் கண்டியிலேயே வேற இடம் மனசுல இருக்கு. தரகர் வேண்டப்பட்டவர், முகத்தை முறிக்க முடியாதுன்னு சும்மா ஒரு பேச்சுக்குப் பாத்துட்டு வரத்தான் போறோம். வந்ததும் ஜாதகம் பொருந்தல்லன்னு சொல்லியனுப்பிடுவார். எனக்கு இந்தப் புள்ளதான் வேணும் மச்சான். ஆனா அவர் முன்னால எனக்கு வாய் வராது." நாளைக்கு நீயும் வா என்றான். ஐந்து பேராகப் போகவேண்டும், ஒற்றைப்படைதான் நல்லது, வருவதாக இருந்த ஒரு மாமாவுக்குக் காய்ச்சல். பெரியப்பாவே என் பெயரைச் சொன்னாராம். "நானா மகன் வரட்டும், நல்ல பையன்" என்று.

மடவளையிலிருந்து வத்தேகமை கிட்டத்தான். நேரே போய்விடலாம். ஆனால் ஐந்து பேரும் சேர்ந்தே போகவேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்ததால், ஞாயிறு காலை நான் எதிர்த்திசையில் கட்டுகஸ்தோட்டைக்குப் போய், அங்கே வந்த மாத்தளை ரயிலில் ஏறி அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பெரியப்பா, பெரியம்மா, கூட்டாளியின் தாய், அவன், நான். அவன் புதுச் சட்டை போட்டு, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலையை இரண்டு தரம் வாரினான். ரயில் மேட்டில் ஏறத் தொடங்கியபோது, பெரியப்பா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் சரிந்தார்.

"தம்பி, ஒரு சங்கதி. அந்த வீட்டுல நீங்க கை நனைச்சிராதீங்க. எங்க ஆளுங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதேன்னுதான் சொல்றேன்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எங்க ஆளுங்க, உங்களுக்கு என்று பிரித்துச் சொன்ன பிறகு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? சில இடங்களில் எங்கள் ஆட்கள் தண்ணீர் கேட்டால், செம்பைக் கையில் தராமல் உயரத்தில் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அந்த வீடும் அப்படியொரு வீடு போல. நான் அவர்கள் தண்ணீரைத் தொடக்கூடாது என்கிறார். அப்படியென்றால் என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்? அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். இவ்வளவு காலம் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறானே என்று கூட்டாளி மேலும் கோபம் வந்தது.

அவன் மூன்றாம் தரம் தலையை வாரிக்கொண்டிருந்தான். பெரியப்பா சொன்னது அவன் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு இவனுக்கு வாழ்க்கைப் பிரச்சினை, என் ரோசத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் ஒன்று. தொடக்கூடாது என்றால் தொடமாட்டேன். அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் என் மேலே படாது.

முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. பெண்ணின் தகப்பனார் ஒல்லியான மனிதர், சிரித்த முகம். வாசலிலேயே பித்தளைச் செம்பில் தண்ணீரோடு நின்றார். பெரியப்பா அதை வாங்கிக் கால் கழுவினார். கையும் நன்றாகத்தான் நனைந்தது. பெரியம்மா கழுவினார், தாய் கழுவினார், கூட்டாளி கழுவினான். பார்த்தாயா, எனக்கு மட்டும்தான் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்தது. அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினார். "வேணாம், வரக்கொள்ள கழுவிட்டுத்தான் வந்த" என்று சொல்லி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கமாக உள்ளே போனேன். அவர் நீட்டிய செம்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பெண் கோப்பி கொண்டுவந்தாள். தலையைக் குனிந்துதான் வந்தாள், ஆனாலும் என் கூட்டாளிக்கு முன்னால் தட்டை நீட்டியபோது ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். மாத்தளையில் இவன் அவளைப் பார்த்ததுபோல அவளும் இவனைப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கே விளங்கியது. இவன் கோப்பையை எடுத்த அவசரத்தில் பாதிக் கோப்பி தட்டிலேயே கொட்டுண்டது. பெரியப்பா மட்டும் ஒன்றும் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். பார்ப்போம், கேட்டுச் சொல்கிறோம், எல்லாம் வேளை வரவேண்டும்.

"இலை போட்டாச்சு. ஒரு பிடி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"ஐயையோ, இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தோம்" என்றார் பெரியப்பா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நான் பார்க்க அவர் வெற்றிலையைத் தவிர வேறொன்றும் தின்னவில்லை. பெண்ணின் தகப்பனாருடைய முகம் வாடியது. கூட்டாளியின் முகம் அதைவிட வாடியது. பாவம், இவனுக்கும் பசி போல என்று நினைத்தேன்.

பேச்சு ஜாதகத்துக்குத் திரும்பியது. அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று எழுந்து பின்பக்கம் போய், பலா மரத்தடியில் நின்றேன். சமையல் நடந்த குசினிக் கதவால் பெண்ணின் தாய் எட்டிப் பார்த்தார். "என்னங்க தம்பி, தனியா நிக்கிறீங்க? அஞ்சு பேருக்குச் சமைச்சது அப்படியே கெடக்கு. அவங்கதான் வேணாம்னுட்டாங்க. நீங்களாவது ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்றார்.

மடவளையில் ஒரு வீட்டில் சாப்பிடச் சொல்லி மாட்டேன் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாக அர்த்தம். மரக்கறிச் சாப்பாடு, ஆகவே மார்க்கத்திலும் தடையில்லை. தண்ணீரைத் தொடவேண்டாம் என்றுதான் பெரியப்பா சொன்னார். சாப்பிடவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் ஐந்து மணிக்கு ஒரு துண்டு ரொட்டி தின்றவன் நான். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வாழையிலை. பலாக்கொட்டைப் பிரட்டல், சாம்பார், ரசம், அப்பளம், பாயாசம். அந்த அம்மா கை கழுவச் செம்பை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கரண்டியொன்டு தாங்களேன்" என்றேன். அவர் திகைத்துப்போய், பிறகு தானாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "கோட்டுல வேலை இல்லையா, தொரைமாரோட பழக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தேடினார். வீட்டில் அகப்பை இருந்தது, பெரிய கரண்டி இருந்தது. வாய்க்குள் போகக்கூடியதாகக் கிடைத்தது கோப்பிக்குச் சீனி போடுகிற கரண்டி ஒன்றுதான்.

இலையிலிருந்து ரசத்தைச் சீனிக் கரண்டியால் அள்ளிக் குடித்த மனிதர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் ஒரு பக்கம் அள்ள, அது மறுபக்கம் ஓடியது. பலாக்கொட்டை ஒன்று கரண்டியிலிருந்து குதித்து மூலைக்கு உருண்டது. ஆனாலும் என்ன ருசி. கோபமும் பசியும் சேர்ந்து நான் விடாமல் தின்றேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தார், ஏன் அப்படிச் சந்தோஷப்பட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. சின்னக் கரண்டி ஆனபடியால் சாப்பாடு நீண்டுகொண்டே போனது.

"எங்க நம்ம தம்பி? ரயிலுக்கு நேரமாச்சு" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. தேடிக்கொண்டு வந்தவர் கதவில் நின்றார். இலையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மற்ற எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பெண்ணின் தகப்பனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பச் சந்தோஷம் சம்பந்தி" என்றார். "உங்க பக்கம் கை நனைச்சாச்சு. இதுக்கு மேல நமக்குள்ள என்ன இருக்கு?"

"அதெப்படி?" என்றார் பெரியப்பா. "அவர் எங்க சொந்தமே இல்லையே. நானா மகன். சும்மா கூட வந்தவர்."

"அஞ்சு பேரா வந்தீங்க. எண்ணிப் பாத்துத்தான் நாங்க உள்ள கூப்பிட்டோம். ஒத்தப்படைக்கு மட்டும் ஆளா, சாப்பாட்டுக்கு ஆள் இல்லையா?"

பெரியப்பாவின் கண்கள் அங்குமிங்கும் ஓடின. சீனிக் கரண்டியில் வந்து நின்றன. நான் கோட்டில் பல புரக்டர்மாரைப் பார்த்திருக்கிறேன், தோற்கப் போகிற வழக்கில் கடைசி வாதம் கிடைக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது இவர் முகத்தில் வந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. நீங்க கை நனைச்சீங்களா?"

"இல்ல" என்றேன். "நீங்க செல்லி நான் கேக்காம இரிப்பனா? ஒரு சொட்டுத் தண்ணியும் படல்ல." கைகளை விரித்துக் காட்டினேன். காய்ந்த கைகள்.

"பாத்தீங்களா? கை நனைஞ்சாத்தானே நனைச்சதா அர்த்தம்" என்றார் பெரியப்பா வெற்றியோடு.

பெண்ணின் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் கூட்டாளி மெதுவாக என் பக்கத்தில் குனிந்தான். எத்தனையோ தடவை கோட்டில் செய்ததுபோல என் காதில் சொன்னான். ஆனால் இந்த முறை குரலில் சிரிப்பில்லை. "கை நனைக்கிறதுன்னா சாப்பிடுறதுப்பா. பொண்ணு வீட்டுல சாப்பிட்டா சம்பந்தத்துக்குச் சம்மதம்னு அர்த்தம். அதான் யாரும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தார்."

எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, சந்தோஷம். பெரிய பாரம் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. அப்படியென்றால் என்னை யாரும் ஒதுக்கவில்லை. வாசலில் அந்த மனிதர் இரண்டு கையாலும் செம்பை நீட்டியது எனக்காகத்தான். அந்த அம்மா நீட்டியதும் எனக்காகத்தான். இந்த வீடு காலையிலிருந்து தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, நான்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் அடுத்தது உறைத்தது. நான் உண்மை பேசியதால் இவனுடைய கல்யாணம் போகப் போகிறது.

அப்போது குசினிக் கதவில் பெண் வந்து நின்றாள். கையில் அதே பித்தளைச் செம்பு. யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து நீட்டினாள்.

"நனைக்கல்லேன்னா என்ன நானா, தண்ணி இருக்கு. இப்ப நனைச்சுக்கிடுங்களேன்" என்றாள். வளையல்காரனோடு பேசிய குரல் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரியப்பாவைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல அவர் தலை கொஞ்சம் அசைந்தது. கூட்டாளியைப் பார்த்தேன். அவன் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செம்பைக் கையிலேயே வாங்கினேன். இலையோரத்தில் இருந்த சட்டிக்கு மேலே பிடித்து, தொழுகைக்குக் கழுவுவதுபோல மணிக்கட்டு வரை மூன்று தரம் கழுவினேன். இலையில் இன்னும் ஒரு பிடி சோறு மிச்சம் இருந்தது. அதைச் சாம்பாரோடு நன்றாகப் பிசைந்து, எல்லாரும் பார்த்திருக்கக் கையால் சாப்பிட்டேன். சீனிக் கரண்டியைவிட நூறு மடங்கு ருசி.

முதலில் சிரித்தது பெரியம்மா. அவர் சிரித்ததும் கூட்டாளியின் தாய்க்கும் அடக்க முடியவில்லை. பெரியப்பா தம்பி மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, உனக்கு இந்தப் புள்ளதானா?"

அவன் தலையை ஆட்டினான்.

"வாயைத் தொறந்து சொல்லியிருந்தா என்ன?"

"அவன் எங்கிட்டச் சொன்னான். நான் உங்ககிட்டச் சொன்னேன். உங்க காதுலதான் ஏறல்ல" என்றார் கூட்டாளியின் தாய். அந்த அம்மா பெரியப்பாவுக்கு எதிரே பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. கூட்டாளிக்கும் அப்படித்தான் என்று பிறகு சொன்னான்.

பெரியப்பா ஒரு பெருமூச்சு விட்டார். மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, இலை போடச் சொல்லுங்க" என்றார்.

இதற்கு எனக்கு யாரும் காதில் வந்து அர்த்தம் சொல்லவில்லை. பெரியப்பா கதவுப்படியைத் தாண்டும் முன்னமே நான் என் கூட்டாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் சட்டையெல்லாம் சாம்பார். பெண் எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து வளையல் சத்தமும், யாரோ தட்டைக் கீழே போடுகிற சத்தமும் கேட்டன. பெண்ணின் தாய் தெரிந்துதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாரா, உண்மையாகவே சமைத்தது வீணாகிறதே என்றா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அன்று எனக்கு இரண்டாம் தரமும் இலை போட்டார்கள். மாட்டேன் என்று சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெரியப்பாவே மிரட்டினார்.

வத்தேகமையிலேயே வண்டி பிடித்திருந்தால் வீட்டுக்குச் சீக்கிரம் போயிருப்பேன். ஆனால் கூட்டாளி விடவில்லை, ரயிலிலேயே வா என்றான். பெரியவர்கள் மூவரும் முன் ஆசனங்களில் உட்கார்ந்து, முகூர்த்தம் எந்த மாதம் என்று அப்போதே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் இருவரும் கதவருகே இருந்தோம்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றான். "கை நனைக்கிறதுன்னா சாப்பாடுன்னு உனக்குத் தெரியாது, சரி. அப்ப அவர் என்ன சொன்னார்னு நெனச்சே? வாசல்லயும் கழுவல்ல, சோத்துக்கும் கழுவல்ல."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு நேராகத்தான் பேச வரும். "நான் முஸ்லிம் ஆள், அவங்கட தண்ணியத் தொட வேணாம்டு செல்றார்டு நெனச்சன்" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். என் பிழை ஒவ்வொன்றுக்கும் அவன்தான் முதலில் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. வெளியே பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான்.

"அப்படி நெனச்சுக்கிட்டா என்கூட வந்தே?"

"ஓ" என்று தலையசைத்தேன். "ஒனக்கு அந்தப் புள்ள வேணும்டு சென்ன தானே."

அவன் என் கையைப் பிடித்தான். இன்னும் சாம்பார் மணம் போகாத கை. நான் இறங்கவேண்டிய கட்டுகஸ்தோட்டை வரும்வரை அதை விடவில்லை.